ஆபத்தில்லை என்பதற்கான சைகை

கார் ரேடியேட்டருக்குக் குழாய்த் தண்ணீர் ஆகாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் வாசலில் ஒரு வெள்ளை வண்டி நிற்கிறதே, அதன் மூக்குக்குக் கீழே தரையில் பழுப்பாக ஒரு கறை இருப்பதை உள்ளே வரும்போதே பார்த்தேன். யாரோ அவசரத்துக்குக் குழாயைத் திறந்து பிடித்து ஊற்றிவிட்டு, அதோடு மறந்துவிட்டிருக்கிறார்கள். குழாய்த் தண்ணீரில் உப்பு இருக்கும். உப்பு உள்ளே படியும். படிந்த உப்பு துருவைக் கூப்பிடும், துரு தன் சொந்தபந்தத்தையெல்லாம் கூப்பிடும். பிறகு ஒருநாள் நடுச்சாலையில் வண்டி பெருமூச்சு விட்டு உட்கார்ந்துகொள்ளும். எல்லாரும் வண்டியைத் திட்டுவார்கள். அது என்ன செய்யும், பாவம். ஊற்றியதைத்தானே குடித்தது.

நான் பேசுவது தெளிவாகக் கேட்கிறது அல்லவா? கேட்கும். என் தொழிலே அதுதான். ரயில் நிலையத்தில், எந்த வண்டி எந்த நடைமேடையில் வருகிறது, எது தாமதம், எது ரத்து என்று ஒலிபெருக்கியில் சொல்லும் குரல் என்னுடையது. இந்த ஊரில் ரயில் ஏறிய எல்லாரும் என்னைக் கேட்டிருக்கிறார்கள். ஒருவரும் பார்த்ததில்லை. என் குரலைக் கேட்டதும் ஆயிரம் பேர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். சாதாரண மனிதனுக்கு இப்படி ஒரு பாக்கியம் கிடைக்காது. கண்ணாடிக் கூண்டுக்குள்ளிருந்து அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குள் ஒரு சின்னச் சிரிப்பு வரும்.

வீட்டில் நிலைமை வேறு. வீட்டில் நாங்கள் மூன்று பேர். நான், என் மனைவி, அவளுடைய தம்பி. மச்சினனுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அதனால் பேச்சும் இல்லை. ஆனால் பேச்சு இல்லை என்று சொன்னால் என் மனைவிக்குக் கோபம் வரும். "அவன் பேசுறான். உங்களுக்குத்தான் கேக்கலை" என்பாள். அவர்கள் இருவரும் கையால் பேசுவார்கள். அவன் நடக்கப் பழகிய காலத்திலேயே அவளும் அந்தப் பாஷையைப் பழகியவள். பெற்றோர் அடுத்தடுத்துப் போனதும் அவனை எங்கள் மாடி அறைக்கு அழைத்து வந்தாள். நான் ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லவில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள். அவனுக்கு அந்த அறையில் வெள்ளையடித்துக் கொடுத்ததே நான்தான்.

அவன் முடி வெட்டுபவன். கடைத்தெரு முனையில் ஒற்றை நாற்காலி போட்ட சின்னக் கடை. எப்போதும் கூட்டம். ஏனென்று நினைக்கிறீர்கள்? நாட்டு நடப்பு பேசமாட்டான், 'முடி ரொம்பக் கொட்டுதே சார்' என்று வயிற்றெரிச்சலைக் கிளப்பமாட்டான். வந்தவர் கண்ணை மூடி உட்கார்ந்தால் தூங்கி எழுந்து போகலாம். அவன் கை அப்படி. கத்தரிக்கோல் காதோரம் போவது கோழி இறகு உரசுவதுபோல் இருக்கும். எனக்கும் அவன்தான் வெட்டிவிடுவான். குறை சொல்ல ஒன்றும் இல்லை. நான் யாரைப் பற்றியும் இல்லாததைச் சொல்ல மாட்டேன்.

அவர்கள் பாஷையில் ஒவ்வொருவருக்கும் ஒரு பெயர் உண்டு. எழுத்துக்கூட்டி வருகிற பெயர் இல்லை, கையால் காட்டுகிற பெயர். என் மனைவிக்கு, காதோர முடியை ஒதுக்குவதுபோல் ஒரு விரல் அசைவு. எதிர்வீட்டு அம்மாவுக்கு, நாய்ச் சங்கிலியை இழுத்துப் பிடிப்பதுபோல் ஒரு முஷ்டி. எனக்கு, நான்கு விரலையும் கட்டைவிரலையும் அலகுபோலச் சேர்த்துச் சேர்த்துப் பிரிப்பது. இதற்கு என்ன அர்த்தம் என்று கல்யாணமான புதிதில் கேட்டேன்.

"அத்தான்னு அர்த்தம்" என்றாள்.

வெகுநாள் அதை நம்பிக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டு அம்மாவின் பேத்தி விடுமுறைக்கு வந்திருந்தபோது, மச்சினன் அவளுக்கு மிருகங்களின் பெயரெல்லாம் கையால் காட்டிக்கொண்டிருந்தான். அலகைக் காட்டினான். குழந்தை கைதட்டி, "வாத்து! வாத்து!" என்று கத்தியது. அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஓயாமல் பேசுகிறவன், வாத்து. நான் சிரித்துவிட்டேன். சொல்லப்போனால் பொருத்தமான பெயர்தான்.

என்னை உறுத்தியது பெயர் இல்லை. வேறு ஒன்று. அதைச் சொன்னால் உங்களுக்கு அற்பமாகத் தெரியும், இருந்தாலும் சொல்கிறேன். காது கேட்கிறவரோடு பேச முகத்தைப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. நான் பேசும்போது என் மனைவி பாத்திரம் துலக்குவாள், துணி மடிப்பாள், அலமாரிக்குள் தலையை விட்டு எதையாவது தேடுவாள். "ம்... சொல்லுங்க, கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்." கேட்பாள், பொய் இல்லை. ஆனால் அவன் பேச வந்தால், கையில் இருப்பதைக் கீழே வைக்க வேண்டும். ஈரக் கையைத் துடைக்க வேண்டும். திரும்பி உட்கார்ந்து அவனையே பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் புரியாது. பாஷையே அப்படி அமைந்திருக்கிறது. நான் நாள் முழுக்கப் பேசினாலும் கிடைக்காத அந்தப் பார்வை, அவன் ஒரு விரலைத் தூக்கினால் கிடைத்துவிடும். சாப்பாட்டு மேசையில் அவர்கள் இரண்டு பேரின் கைகளும் பறந்துகொண்டிருக்கும். திடீரென்று ஒரே நேரத்தில் சிரிப்பார்கள். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே யாருடைய தாமத வண்டிக்கோ காத்திருப்பவனைப்போல் உட்கார்ந்திருப்பேன்.

"கத்துக்கோங்களேன். நான் சொல்லித் தரேன்" என்று அவள் எத்தனையோ முறை கேட்டிருக்கிறாள். நான்தான் தட்டிக்கழித்தேன். ஊரையே குரலால் ஓட்டுகிறவன், வீட்டில் ஊமை வித்தை பழகுவதா என்று ஒரு வீம்பு. அது என் தப்புதான். ஒத்துக்கொள்கிறேன்.

ரேடியேட்டருக்கு வருகிறேன்.

எங்கள் கார் பழையது. நன்றாக உழைக்கும், அதற்குத் தகுந்தாற்போல் கவனிக்க வேண்டும். ஒர்க்‌ஷாப்பில் விட்டால் பழைய தண்ணீரை வடித்துப் புதிதை ஊற்றிவிட்டு 'ஆச்சு சார்' என்பார்கள். கழுவ மாட்டார்கள். எச்சில் டம்ளரில் புதுப் பால் ஊற்றிக் கொடுப்பதைப்போல. அதனால் இந்த வேலையை மட்டும் நானே வீட்டு முற்றத்தில் செய்வேன். எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும், அதுதான் முதல் விதி. சூடாக இருக்கும்போது உள்ளே தண்ணீர் கொதித்து, வெளியே வர வழி தெரியாமல் அழுத்திக்கொண்டு நிற்கும். மூடியைத் திருகினால் முகத்தில் பாயும். திருகத் தொடங்கும்போதே 'உஸ்' என்று ஒரு சத்தம் வரும். பாம்பு சீறுவதைப்போல. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் யாராக இருந்தாலும் கை தானாகப் பின்னால் வந்துவிடும். கடவுள் கொடுத்த எச்சரிக்கை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

காது கேட்கிறவர்களுக்கு.

மச்சினன் வாராவாரம் கடைக்கு விடுமுறை விடும் நாளில் எங்கள் காரை எடுத்துக்கொண்டு மேட்டுச் சாலையில் போவான். மேலே ஒரு முதியோர் இல்லம் இருக்கிறது. படுக்கையில் கிடப்பவர்களுக்கு முடி வெட்டி, முகம் மழித்துவிட்டு வருவான். காசு வாங்க மாட்டான். திரும்பி வந்ததும் அன்று அங்கே யார் என்ன செய்தார்கள் என்று நடித்துக் காட்டுவான். பல் செட்டைத் தேடும் கிழவர், கண்ணாடி பார்த்து வெட்கப்படும் கிழவி. என் மனைவி கண்ணில் நீர் வரச் சிரிப்பாள். அவனுக்கு வண்டியை ஓட்டத் தெரியும், வண்டியைத் தெரியாது. பானட்டைத் திறந்தால் எது எஞ்சின், எது பேட்டரி என்று விழிப்பான்.

ஒரு மாலை வேலை முடிந்து வந்ததும் என் மனைவியிடம், "எனக்குக் கொஞ்சம் சைகை சொல்லிக் கொடேன்" என்றேன்.

அவள் துடைத்துக்கொண்டிருந்த தட்டு கையிலேயே நின்றது. "நிஜமாவா?"

"நிஜமாத்தான். வண்டியப் பத்தி அவனுக்கு நாலு விஷயம் சொல்லணும். வழியில நின்னுட்டா முழிப்பான் பாரு."

தட்டை வைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டு நாற்காலியை இழுத்து என் எதிரில் போட்டு உட்கார்ந்தாள். முழங்காலோடு முழங்கால் இடிக்கும் தூரம். ஜன்னல் வெயில் அவள் பாதி முகத்தில் விழுந்தது. என் முகத்தையும் கையையும் மாறி மாறிப் பார்த்தாள். 'சூடு' கேட்டேன். விரல் நுனியால் எதையோ தொட்டுவிட்டு உதறிக் காட்டினாள். 'மூடியைத் திற' கேட்டேன். முஷ்டியைப் பிடித்துத் திருகிக் காட்டினாள். நான் முரட்டுத்தனமாகத் திருகினேன்போல, "ஐயோ, கோழிக் கழுத்தா அது?" என்று என் விரல்களைப் பிடித்துத் தளர்த்திவிட்டாள். பிறகு, 'ஆபத்தில்லை' கேட்டேன்.

அது அழகான சைகை. உள்ளங்கையைக் கீழ்நோக்கி விரித்து, காற்றின்மேல் மெல்லப் படியவிடுவது. "தொட்டில்ல குழந்தை தூங்கிடுச்சா, போர்வை மேல லேசா கை வெப்போமே, அந்த மாதிரி" என்று என் மணிக்கட்டைப் பிடித்து இறக்கிக் காட்டினாள். எங்களுக்குக் குழந்தை இல்லை. "இத்தனை வருஷமா இதைத்தான் கேட்டேன் உங்ககிட்ட" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது.

உண்மையைச் சொல்கிறேன். அந்த நேரத்தில் நான் எல்லாவற்றையும் விட்டுவிட்டிருப்பேன். இன்னும் பத்து வார்த்தை, இன்னும் நூறு வார்த்தை என்று கற்றுக்கொண்டே போயிருப்பேன். ஆனால் அப்போது வாசல் விளக்கு மினுக்கியது. மணி அடித்ததா இல்லையா என்று அவனுக்குத் தெரியாது என்பதால் அழைப்பு மணிக்குப் பதிலாக நாங்கள் வைத்திருக்கும் ஏற்பாடு அது, அவன் வந்தால் அதைத்தான் போட்டு அணைப்பான். அவள் என் கையை விட்டுவிட்டு எழுந்து போனாள். 'அத்தான் சைகை பழகுகிறார்' என்பதைத்தான் அவனிடம் சொன்னாள் என்று நினைக்கிறேன், இரண்டு பேரும் என் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு அவர்களுக்குள் பேச்சு ஓடியது. நான் அரைமணி நேரம் அந்த நாற்காலியில் உள்ளங்கையை விரித்து, படியவிட்டுப் பயிற்சி செய்துகொண்டிருந்தேன்.

அந்த வாரம் என் விடுமுறை நாளில் ரேடியேட்டரைக் கழுவினேன். மச்சினன் கடை திறக்கப் போகுமுன் கூடமாட உதவினான். நல்ல உதவியாள், சொன்னதைச் செய்வான், எதிர்க்கேள்வி இல்லை. (இது வேடிக்கைக்குச் சொல்வது.) கீழே அகலமான பாத்திரத்தை வைத்து, அடித் திருகைத் தளர்த்தினேன். பழைய தண்ணீர் துரு கலந்து செங்கல் நிறத்தில் கொட்டியது. எதிர்வீட்டு அம்மாவின் நாய் மோப்பம் பிடித்துக்கொண்டு வந்தது. அதில் கலந்திருக்கும் கூலன்ட், எஞ்சின் சூடேறாமல் தடுக்கும் திரவம், இனிக்கும் என்பார்கள், நாய்கள் நக்கிவிடும், நக்கினால் பிழைக்காது. நான் உடனே பாத்திரத்தைப் பலகையால் மூடி, மேலே கல் வைத்தேன். வாயில்லா ஜீவன். அதன் உயிருக்கு நாம்தானே பொறுப்பு. "இந்தத் தெருவுல உங்களை மாதிரி பொறுப்பான மனுஷன் கிடையாது" என்று எதிர்வீட்டு அம்மா அன்று சொன்னார். வேண்டுமானால் அவரைக் கேட்டுப் பாருங்கள்.

பிறகு ஓஸ் பைப்பைச் சொருகிக் கழுவினோம். கழுவத்தான் குழாய்த் தண்ணீர், கடைசியில் ஊற்றுவதற்கு இல்லை. எஞ்சினை ஓடவிட்டு, உள்ளே ஹீட்டரையும் முழுசாகத் திறந்துவிட வேண்டும், அப்போதுதான் மூலை முடுக்கில் இருப்பதும் வெளியே வரும். செங்கல் நிறம் தேநீராகி, தேநீர் வெறும் தண்ணீராகிற வரை விடவில்லை. மச்சினன் ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்து வெயிலில் தூக்கிக் காட்டிக் கட்டைவிரலை உயர்த்தினான். அடித் திருகை இறுக்கினேன். பச்சைக் கூலன்டையும் பேட்டரிக்கு ஊற்றுகிற சுத்தத் தண்ணீரையும் சரிபாதி கலந்து, புனல் வைத்து மெதுவாக ஊற்றினேன்.

இனி ஒரு வேலைதான் பாக்கி. காற்று எடுப்பது. புதிதாக ஊற்றும்போது உள்ளே எங்காவது காற்று மாட்டிக்கொண்டு நிற்கும். பார்த்தால் ரேடியேட்டர் நிறைந்ததுபோல்தான் இருக்கும், உள்ளே பாதி வெறும் காற்று. மூடியைப் போடாமல் எஞ்சினை ஓடவிட்டு, மேல் குழாயை அழுத்தி அழுத்தி விட்டால் குமிழ் குமிழாக வெளியே வரும், தண்ணீர் இறங்கும், இறங்க இறங்க ஊற்ற வேண்டும். பொறுமையான வேலை. இத்தனை வருடத்தில் ஒரு முறையும் நான் அதை விட்டதில்லை.

அன்று விட்டேன். ஊற்றினேன், மூடினேன், கையைத் துடைத்துக்கொண்டேன். நான் எதையும் சேர்க்கவில்லை, எதையும் உடைக்கவில்லை, எதையும் அறுக்கவில்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். செய்ய வேண்டிய ஒன்றைச் செய்யவில்லை, அவ்வளவுதான்.

பிறகு அவன் தோளைத் தொட்டுத் திருப்பினேன். மூடியைக் காட்டினேன். எஞ்சினிலிருந்து ஆவி எழுவதுபோல் கையால் காட்டினேன். 'சூடு' என்றேன், விரலை உதறி. அவன் கண் விரிந்தது. 'மூடியைத் திற' என்றேன், முஷ்டியைத் திருகி. டிக்கியில் நான் வைத்திருந்த தண்ணீர்க் கேனைக் காட்டி, ஊற்றுவதுபோல் செய்தேன். அவன் தயங்கினான். புருவத்தைச் சுருக்கி, தானும் விரலை உதறி, 'சுடாதா?' என்று கேட்டான். அது எனக்குப் புரிந்தது. என் வாழ்க்கையில் அவன் என்னிடம் கேட்டு எனக்குப் புரிந்த முதல் கேள்வி அது. நான் உள்ளங்கையை விரித்து, காற்றின்மேல் மெல்லப் படியவிட்டேன். ஆபத்தில்லை.

அவன் அப்படியே என்னைக் கட்டிக்கொண்டான். மூடி, தண்ணீர், ஆவி எதுவும் அவனுக்குப் பொருட்டாக இல்லை. அத்தான் தன் பாஷையில் பேசிவிட்டார், அதுதான் அவனுக்குச் சேதி. பின்னால் நகர்ந்து நின்று அந்த வாத்து அலகைக் காட்டினான். தலையை ஆட்டி, அதைக் காற்றிலேயே அழித்தான். பிறகு வலது கையைத் தன் நெஞ்சில் வைத்து இரண்டு முறை தட்டி, என்னைச் சுட்டிக் காட்டினான். மறுபடியும் தட்டினான், மறுபடியும் சுட்டினான். எனக்குப் புதுப் பெயர் வைத்துவிட்டான். எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. மனைவியிடம்கூடச் சொல்லாமல் வைத்துக்கொண்டேன்.

காற்றை எடுக்க அப்போதும் நேரம் இருந்தது. வண்டி முற்றத்தில்தான் நின்றது. அன்று முழுக்க நின்றது. நான் குளித்துவிட்டுச் செய்தித்தாள் படித்தேன்.

அவன் மேட்டுச் சாலைக்குப் போன நாளில் நான் கண்ணாடிக் கூண்டில் வேலையில் இருந்தேன். மனைவி கைபேசியில் கூப்பிட்டபோது ஒலிவாங்கி திறந்திருந்தது. ஒரு வண்டி தாமதம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கைபேசி மேசைமேல் நடுங்கி நடுங்கி நகர்ந்தது. நான் வாக்கியத்தைப் பாதியில் விடவில்லை. பயணிகளுக்கு நேரும் சிரமத்துக்கு வருந்துகிறோம் என்பதுவரை சொல்லி முடித்தேன். குரலில் பிசிறு இல்லை. பிறகுதான் எடுத்தேன். மேட்டில் பாதி வழியில் வண்டி ஆவி விட்டிருக்கிறது. ஓரங்கட்டி நிறுத்தியிருக்கிறான். தோளில் போடும் துண்டை மடித்து மூடிமேல் போட்டு, இரண்டு கையாலும் திருகியிருக்கிறான். கெட்டிக்காரன், முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பி வைத்திருக்கிறான், அதனால் முகம் தப்பியது. அந்த வழியாக வந்த பால் வண்டிக்காரர்தான் அவனைத் தூக்கிப் போட்டுக்கொண்டு மருத்துவமனைக்குக் கொண்டுபோயிருக்கிறார். வழி நெடுக அவன் கத்தினானாம். அவனுக்குக் குரல் உண்டு என்பதே அன்றுதான் எனக்குத் தெரியும்.

இரண்டு கையும் முழங்கை வரை. விரல்கள் இருக்கும், ஆனால் பழையபடி வளையுமா என்பது சந்தேகம் என்று மருத்துவர் சொன்னார். கத்தரிக்கோல் பிடிப்பது பற்றி என் மனைவி கேட்டாள். மருத்துவர் தன் பேனாவை மூடித் திறந்து மூடினார். வேறு ஒரு கேள்வியை அவள் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. கட்டுப்போட்ட இரண்டு பெரிய பொதிகளைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு அவன் கிடந்தான். அவள் கேட்பாள், அவன் கண்ணை மூடித் திறந்து ஆம், இல்லை என்பான். அதற்கு மேல் அவனிடம் பேச்சு இல்லை.

அந்த நாட்களில் நான் எப்படி நடந்துகொண்டேன் என்று தாதிப் பெண்களைக் கேளுங்கள். கஞ்சி ஊட்டினேன். முகம் துடைத்துவிட்டேன். என் மனைவி களைத்துப்போய் என் தோளில் சாய்ந்து தூங்கினாள். விழித்திருக்கும்போது என்னோடு பேசினாள், வாயால். சாப்பாட்டு மேசையில் நாங்கள் இரண்டு பேர்தான். நான் சொல்வதை என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள். எல்லாம் ஓர் ஒழுங்குக்கு வந்துகொண்டிருந்தது. வண்டியை இழுத்துப்போன மெக்கானிக் மட்டும் கைபேசியில் ஒன்று கேட்டார். "சார், பளபளன்னு கழுவியிருக்கு. பைப் கிளிப்பெல்லாம் புதுசு. இவ்ளோ சுத்தமா வேலை செஞ்ச ஆளு காத்து எடுக்காமலா விட்டிருப்பாரு?" வயசாகுதில்லையா, மறந்திருப்பேன் என்றேன். அவர் சிரிக்கவில்லை. இருந்தாலும் வைத்துவிட்டார்.

நீங்கள் என்னைப் பிடித்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அப்படி இல்லை. நானே சொன்னதுதான். எப்படிச் சொன்னேன் என்றும் சொல்லிவிடுகிறேன்.

சில நாள் கழித்து மனைவி அவனிடம் கேட்டாள். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கச் சொன்னது யார் என்று கையால் கேட்டாள். அவன் அவளைப் பார்த்தான். பிறகு வலக்கைப் பொதியை மெல்லத் தூக்கி, நெஞ்சில் இரண்டு முறை தட்டினான். வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டான். பக்கத்தில் நின்ற தாதிப் பெண், "ஐயோ பாவம், தன்னையே குத்தம் சொல்லிக்குது" என்றாள். என் மனைவி அழுதுகொண்டே, "உன் தப்பு இல்லடா, உன் தப்பு இல்லடா" என்று அவன் நெற்றியைத் தடவினாள். அவன் தலையை ஆட்டினான். மறுபடியும் தட்டினான்.

நான் பேசாமல் இருந்திருக்கலாம். இருந்திருந்தால் இந்த அறையில் நாம் இருவரும் உட்கார்ந்திருக்க மாட்டோம். ஆனால் நான் அறிவிப்பாளன். தப்பான அறிவிப்பைக் காதால் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியாது. அதோடு, அது என் பெயர். அவன் எனக்கென்று வைத்தது. அதைப் போய் இவர்கள் 'நான்' என்று எடுத்துக்கொண்டால் எப்படி?

"அது அவன் இல்ல. அது என் பேரு" என்றேன்.

என் மனைவி நிமிர்ந்தாள். "உங்க பேரா? உங்க பேரு அது இல்லையே."

"மாத்திட்டான். புதுசா வெச்சான்." எனக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது.

"எப்ப?"

"அன்னிக்கு. வண்டியக் கழுவினோமே, அவனுக்குச் சொல்லிக் கொடுத்தேனே, அப்ப."

"என்ன சொல்லிக் கொடுத்தீங்க?"

வாயால் சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் முகத்தை, என் கையை. நான் விரலை உதறினேன். முஷ்டியைத் திருகினேன், கோழிக் கழுத்தாக இல்லாமல், அவள் சொன்னதுபோல் தளர்வாக. உள்ளங்கையை விரித்து, காற்றின்மேல் மெல்லப் படியவிட்டேன். ஒரு பிழை இல்லை. கட்டிலில் கிடந்தவன் கண்ணை மூடிக்கொண்டான்.

அவள் தன் இரண்டு கைகளையும் திருப்பிப் பார்த்தாள். பிறகு மிக மெதுவாக, "நான்தானே... அந்த மூணு வார்த்தையையும் நான்தானே கையப் புடிச்சுச் சொல்லிக் கொடுத்தேன்" என்றாள். அவள் வாயால் என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு இதுவரைக்கும் அதுதான்.

எல்லாம் சொல்லிவிட்டேன். காற்று எடுக்காமல் விட்டது நான், தெரிந்தே. திறக்கச் சொன்னது நான். ஆபத்தில்லை என்று சொன்னதும் நான். சீறும் சத்தம் அவனுக்குக் கேட்காது என்பது எனக்குத் தெரியும். அவன் சாக வேண்டும் என்று ஒருபோதும் நினைத்ததில்லை. என் வீட்டில் கொஞ்சம் வாயாலும் பேச்சு நடக்க வேண்டும் என்று நினைத்தேன். அது பெரிய ஆசையா?

ஒன்றே ஒன்று. உங்கள் காவலர்கள் என்னை அழைக்க வந்தபோது நான் மருத்துவமனை நடைவழியில் நின்றிருந்தேன். அவள் அறையிலிருந்து வெளியே வந்தாள். என் எதிரில் நின்று, முழுசாக என் முகத்தைப் பார்த்தாள். இரண்டு உள்ளங்கையையும் ஒன்றோடொன்று சேர்த்துத் தேய்த்தாள், தண்ணீருக்குக் கீழே பிடித்துக் கழுவுவதுபோல. பிறகு ஈரத்தை உதறுவதுபோல் என் பக்கமாக ஒரு முறை உதறினாள். மற்ற சைகைகளைப்போல இதை யாரும் எனக்குச் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. மருத்துவமனை அல்லவா, கண்ட கிருமியும் இருக்கும். கழுவச் சொல்கிறாள். இவ்வளவுக்குப் பிறகும் என்மேல் அவளுக்கு அந்த அக்கறை இருக்கிறது பாருங்கள். உங்கள் ஆட்களிடம் அனுமதி கேட்டு, நடைவழிக் கடைசியில் இருந்த குழாயடிக்குப் போய்ச் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவிக்கொண்டு வந்தேன். வந்து பார்த்தால் அவள் அங்கே இல்லை. அறைக் கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது. ஏதோ வேலையாக இருந்திருப்பாள். கழுவிவிட்டேன் என்று மட்டும் அவளிடம் சொல்லிவிடுங்கள்.